கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து

மகனே நைனா,

நீ பம்பாயில் கப்பல் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று, காலைக் கஞ்சியைக் குடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். புது ஜெட் விமானத்தின் எஞ்சினைப் பிரிக்கவும் கோக்கவும் கற்றுக்கொள்ள அயல்நாட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் உன் பெயரும் இருக்கிறது என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "குளிர் தேசமாச்சே, கம்பளி எதுனா குடுப்பாங்களாமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மறுபடி அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். கடிதத்தின் அடியில், 'நான் போவதில் உங்களுக்கு வருத்தமா?' என்று ஒரு கேள்வி எழுதியிருந்தாய். அதை அவளுக்குப் படிக்கவில்லை. அது எனக்காக எழுதியது. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் ஒரு கார்டிலேயே எழுதிப் போட்டிருப்பேன்.

போன முறை லீவில் வந்தபோது நாம் பேசிக்கொண்டது பேச்சே அல்ல. "உன்கு ஏரோப்ளேன்னாலே ஆவாது நைனா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அது அப்படியில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் இப்போது நீ இருக்கிற விமானப்படைக்கு வந்த முதல் விமானங்களில் சிலவற்றைக் கப்பலிலிருந்து இறக்கியவன் நான். வீடு அளவுக்குப் பெரிய மரப்பெட்டிகள். உள்ளே என்ன என்று மேஸ்திரி காதோடு காதாகச் சொன்னார். கீழே தொப்பி வைத்த அதிகாரிகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சிமெண்ட் மூட்டைக்கும் கரிக்கும் காட்டாத பதனத்தோடு அந்தப் பெட்டிகளைத் தரையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற கப்பலில் ஊருக்குச் சாப்பாட்டுக்குக் கோதுமை வந்திருந்தது. பசிக்கும் வெளியிலிருந்து வருகிறது, காவலுக்கும் வெளியிலிருந்து வருகிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் உன் தங்கை கன்னியம்மாவிடமும் கதை கதையாகச் சொன்னேன். நீ விமானப்படையில் சேருகிறேன் என்றபோது தடுக்காமல் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பெருமையில்தான்.

உன் தங்கை கல்யாணத்துக்கு நீ யூனிபாரத்தோடு வந்தது நினைவிருக்கிறதா? சாப்பாட்டுப் பந்தியில் உன்னைச் சுற்றிப் பேட்டைப் பையன்கள் எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள். "அந்த எஞ்சினு ஒண்ணோட வெலைக்கி நம்ம தெருவையே வாங்கிப்புடலாம்" என்று சொன்னாய். ஒரு தடவை மேலே ஏறி இறங்க அது குடிக்கிற எண்ணெயில் நம் தெரு விளக்குகள் எல்லாம் வருஷக்கணக்கில் எரியும் என்றாய். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். நம் வீட்டுப் பிள்ளை தொடுகிற பொருள் அவ்வளவு உசத்தியானது என்று நினைத்தேன். விலை என்பது ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்குவது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. இப்போது ஏறியிருக்கிறது. ஏறிய விதத்தை நீ என் வாயால் முழுதாகக் கேட்டதில்லை. தந்தி கண்டு நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை நீ வந்தபோது நாம் சண்டை போட்டோம்.

உனக்குத் தெரியும், நம் பேட்டையிலிருந்து ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ், வருகிற கூட்ஸ், எண்ணூர்ப் பக்கம் போகிறது எல்லாம் அதில்தான். கன்னியம்மாவுக்கு மதியத்தில் வலி எடுத்தது. வீட்டில் பார்த்த மருத்துவச்சியம்மா, "தல மேல கீது, கால் மொதல்ல வருது. இது என் கைக்கு அடங்காது. ஆஸ்பத்திரிக்கி கொண்டு போங்க" என்றாள். காசிம் பாய் தன் குதிரை ஜட்காவைக் கொண்டுவந்தார். நானும் அவள் புருஷன், உன் மச்சான் தேவராஜும் அவளைத் தூக்கி ஏற்றினோம். உன் அம்மாவும் மருத்துவச்சியம்மாவும் உள்ளே. கேட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, கேட் மூடியிருந்தது. எப்போதும் மூடியிருப்பதுதானே என்று நின்றோம். கூட்ஸ் வண்டி வந்தது. பாதி கடந்தது. அப்படியே நின்றுவிட்டது. முன்னே சிக்னல் விழவில்லை.

தேவராஜ் கேட்மேனிடம் ஓடினான். "அண்ணே, உள்ள பொம்பள துடிக்கிது, எதுனா பண்ணுண்ணே!" அந்த மனிதன் கைவிளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "நான் இன்னாபா பண்ணட்டும்? கேட்ட தொறந்தா மட்டும் வண்டி நவுந்துடுமா? டிரைவராண்ட சொல்லிட்டு வந்துட்டேன். சிக்னல் குடுக்காம அவனும் நவுத்த முடியாது." அவன் பொய் சொல்லவில்லை. எங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கூட்ஸ் வாகன்கள் சுவர் மாதிரி நின்றன. ஆம்பளைகள் குனிந்து வாகன்களுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள், தினமும் போவது போல. தேவராஜ் என்னைப் பார்த்தான். "மாமா, தூக்கிகினு பூந்துடலாமா?" அவளைப் புடவையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு இரண்டு வாகன்களுக்கு நடுவே இருந்த இணைப்பு வரைக்கும் போனோம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. சங்கிலிகள் ஒன்றோடொன்று மோதி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓசை ஓடியது. பின்வாங்கினோம். அது நகரப் போகிறது என்று நினைத்தோம். நகரவில்லை. ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது.

ஜட்காவுக்குள்ளேயே ஆயிற்று. கேட்டில் நின்ற பெண்கள், மீன்கூடையோடு வந்தவர்கள், கம்பெனி விட்டு வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள், தங்கள் முந்தானைகளை நீட்டிப் பிடித்து ஜட்காவைச் சுற்றி மறைத்துக்கொண்டு நின்றார்கள். காசிம் பாய் குதிரையின் முகத்தைத் தன் நெஞ்சோடு அணைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி துவா செய்தார். குழந்தை அழவில்லை. உன் தங்கைக்கு இரத்தம் நிற்கவில்லை. வண்டி கடைசியாக நகர்ந்து கேட் திறந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் ஓடி வந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "எங்கேயிருந்து வரீங்க?" என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தின் பேரிலேயே பதில் இருந்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் பேட்டையில் எல்லாரும் கூடினார்கள். கேட்டின் மேல் ஒரு பாலம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கூட்டம் போடுவது என்று முடிவாயிற்று. அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அன்றைக்கு நின்ற ரயிலில் துறைமுகத்திலிருந்து யுத்த விமானங்கள் போயின, அதனால்தான் சிப்பாய்கள் வண்டியை நிறுத்திவைத்தார்கள் என்று. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் அதைக் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். கூட்டத்தன்று மேடைக்குப் பின்னால் பேட்டைச் சங்கத்துச் செயலாளர் என் தோளில் கைபோட்டார். அவர் நல்ல மனிதர்தான், பேட்டைக்காக அலைந்தவர்.

"பெர்சு, நீ மைக்க புடிச்சி அந்த ஏரோப்ளேன் விசயத்த சொன்னா போதும். மத்தத நான் பார்த்துக்கறேன். பேப்பர்காரன் வந்துகீறான்."

"அதுல ஏரோப்ளேன் இல்லபா. கரி. சில வாகன்ல இரும்புத் தாது. என் கண்ணால பார்த்தேன்."

"இருக்கட்டுமே. சொன்னா இன்னா கெட்டுப் பூடும்? கரி வண்டி மறிச்சி பொண்ணு செத்தான்னா எவன் எழுதுவான்? தெனம் மறிக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை, நைனா. கரி வண்டி மறித்துச் செத்தால் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் என் பெண்ணின் சாவுக்கு ஒரு ஒப்பனை போட எனக்கு மனம் வரவில்லை. மேடையேறினேன். அந்த வண்டியில் கரி இருந்தது என்று சொன்னேன். செயலாளர் முகம் சுருங்கியது. பிறகு என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். விமானத்தை நான் என் கையால் கப்பலிலிருந்து இறக்கியிருக்கிறேன், என் பிள்ளை அதில் வேலை செய்கிறான், அதன் விலை என்ன என்று அவன் சொல்லக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறேன் என்றேன். "வேணும்னு நெனச்சாங்க, எங்கியோ இருந்து பணம் வந்துச்சி. கடல் தாண்டி பொருளும் வந்துச்சி. நாங்க பாலம் கேட்டா மட்டும் பணம் இல்லன்றாங்க. இல்லாத பணம் அதுக்கு எப்டி வந்துச்சின்னு எனக்குப் புரியல. புரிஞ்சவங்க சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். யாரும் கை தட்டவில்லை. பெண்கள் பக்கம் யாரோ அழுதார்கள்.

ஒரு மாலைப் பத்திரிகை அதை வேறு மாதிரி போட்டது. அது எப்படியோ உன் முகாம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. லீவில் வந்த அன்றே சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் கேட்டாய்.

"மேட ஏறி இன்னா பேசனே நைனா நீ?"

"உள்ளத சொன்னேன்."

"பேப்பர்ல இன்னா போட்டான் தெர்மா? 'விமானம் எதற்கு, பாலம் கொடு'ன்னு. எங்க ஆபீசரு அத்த டேபிள் மேல வச்சிகினு, இவரு உன் அப்பாவான்னு கேக்கறாரு. வெளிநாட்டுக்கு அனுப்பற லிஸ்ட்ல இருந்து என் பேர எடுத்துடுவாங்களோன்னு ராப்பகலா தூக்கம் இல்ல என்கு."

"நான் அப்டி சொல்லலடா."

"நாளைக்கி எவனாவது மேல வந்து குண்டு போட்டா, பாலத்த வச்சிகினு இன்னா பண்ணுவே?"

எனக்கு முன்னால் உன் அம்மாதான் பேசினாள். சோற்றுப் பானையின் முன் உட்கார்ந்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம் பொண்ணு மேல எவன்டா குண்டு போட்டான்?" என்றாள். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாய். உன் மனைவி வசந்தா அந்தத் தட்டை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த இரண்டு கேள்விகளையும் அன்றிலிருந்து மனசில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உன் கேள்வி நியாயமானது. யுத்த காலத்தில் இந்த ஊரே காலியானதை நான் பார்த்தவன். துறைமுகத்தில் சங்கு ஊதினால் கிரேனிலிருந்து குதித்து மணல் மூட்டைக்குப் பின்னால் படுப்போம். உங்கள் மூவரையும் காஞ்சிபுரத்துப் பக்கம் அனுப்ப சென்ட்ரலில் ஜன்னல் வழியாகத்தான் ரயிலில் திணித்தேன். கன்னியம்மா உன் மடியில் உட்கார்ந்து போனாள். வானத்தைப் பார்க்கவே மனிதர்கள் பயந்தார்கள். மேலே நம்முடையது என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பயம் எனக்கு மறக்கவில்லை. ஆகவே ஒரு தேசத்துக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்வேனா? சொல்ல மாட்டேன். ஆனால் உன் அம்மா கேட்டதும் அதே அளவுக்கு நியாயமானது. வராத எதிரிக்காகப் பணம் கிடைக்கிறது. தினமும் வந்து குறுக்கே நிற்பதற்குக் கிடைப்பதில்லை. வரப்போகிற சாவுக்குப் பயந்தவர்கள் பெரிய இடத்தில் இருக்கிறார்கள். வந்துகொண்டே இருக்கிற சாவுக்குப் பயப்படுகிறவர்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ முதலில் கற்றுக்கொண்ட விமானம் இப்போது பழசாகிவிட்டது, அதைவிட வேகமானது வெளியில் வந்துவிட்டது, அதனால்தான் உங்களை அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் திக்கென்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கிய பெட்டிகள் அதற்குள் பழைய இரும்பாகிவிட்டனவா? நீ இப்போது கற்றுக்கொண்டு வருவதும் உனக்குத் தலை நரைப்பதற்குள் பழசாகும். அதற்கப்புறம் இன்னொன்று வாங்க வேண்டும். அதன் விலை இதைவிடக் கூட இருக்கும். எதிரியும் சும்மா இருக்க மாட்டானே, அவனும் வாங்குவான், அவன் தேசத்திலும் ஏதோ ஒரு கேட் மூடியே கிடக்கும். இது எங்கே போய் நிற்கும் என்று உன் படிப்பில் யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? ஒரு பாலத்தைக் கட்டினால் உன் பேரன் காலம்வரை அதன் மேல் வண்டி போகும். பாலத்தை யாரும் பழசாகிவிட்டது என்று தூக்கி எறிவதில்லை.

போன மாதம் கேட்டண்டை சர்வே ஆட்கள் சங்கிலியும் முக்காலியுமாக வந்து அளந்தார்கள். பேட்டை முழுக்க செய்தி பரவிவிட்டது, பாலம் வருகிறது என்று. நம்ப மாட்டாய், தேவராஜ் அவர்களுக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தான். காசிம் பாய் வெயில் படாமல் இருக்க அவர்கள் தலைக்கு மேல் தன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடி நின்ற பேட்டைப் பெண்கள், "எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் எறங்கும்?" என்று கேட்டபடி இருந்தார்கள். அந்தச் சின்ன வயது சர்வேயருக்குச் சங்கடமாகப் போயிற்று. சோடாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பாலம் இல்லீங்க. இன்னொரு லைன் போடறோம். துறைமுகத்துல லோடு ஜாஸ்தி ஆயிடுச்சி" என்றார். காசிம் பாய் குடையை எடுத்துவிடவில்லை. அவர்கள் அளந்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் மறுநாள் வண்டி கட்டவில்லை. தேவராஜ் பேட்டையை விட்டே போய்விட்டான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இந்தக் கேட்டைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை மாமா என்றான். மனுவுக்கும் பதில் வந்தது. தற்போதைய நிதிநிலையில் இயலாது என்று எழுதியிருந்தது. பணிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இது. நீ போவதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் போகாதே என்று சொல்ல மாட்டேன். நீ விலகி வந்தால் ஒரு விமானமும் குறையாது, ஒரு பாலமும் எழும்பாது. நம் வீட்டில் ஒரு சம்பளம் மட்டும் குறையும். போ. வேலையைக் கெட்டியாகக் கற்றுக்கொள். நீ முடுக்குகிற ஒவ்வொரு திருகாணியையும் நம்பி ஒருத்தன் மேலே போகிறான், அவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த இயந்திரத்தின் விலையைச் சொல்லும்போது இனிமேல் சிரிக்காதே. கூட இருப்பவர்கள் பெருமையாகச் சொன்னால், எதைக் கொடுத்து வாங்கினோம் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேள். ஆபீசர் முன்னால் கேட்க வேண்டாம். உன்னைப் போல ஏதோ ஒரு பேட்டையிலிருந்து வந்தவர்கள்தானே பக்கத்தில் படுத்திருப்பார்கள், அவர்களிடம் கேள்.

வசந்தாவைப் பற்றிக் கவலைப்படாதே. நீ திரும்பி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று கணக்குப் பார்த்து எழுதியிருந்தாய். முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறாள், மற்றபடி நன்றாக இருக்கிறாள். ராயபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின் சந்தில் ஒரு அறை பேசி முடித்துவிட்டேன். இருட்டான அறைதான், ஆனால் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். எட்டாம் மாதம் பிறந்ததும் அவளையும் உன் அம்மாவையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவேன். வலி எடுக்கும்போது அவளுக்கும் டாக்டருக்கும் நடுவே தண்டவாளம் இருக்காது. இதைச் சொன்னபோது உன் அம்மாவுக்கு எவ்வளவோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு வரவில்லை, நைனா. நேற்று அந்த அறைக்குச் சாமான் எடுத்துவைக்கும்போது எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். அவளும் மாசமாகத்தான் இருக்கிறாள். "அந்தாண்ட வூடு பார்த்துட்டீங்களா மாமா? நல்லது" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கம் பார்த்தாள். ஒரு குடும்பம் கேட்டைத் தாண்டிக் குடிபோய்விடலாம். ஒரு பேட்டை போக முடியாது.